கட்டளைக்கும் செல்லப் பெயர் வைக்கலாம்!

கம்ப்யூட்டரைத் தமிழிலும் ஏவலாம். முதல் நாளே கற்றுக் கொடுங்கள்

பத்திரிகையில் அடிக்கடி பார்க்கிறோம். "முருகன் என்கிற குட்டி", "லட்சுமி என்கிற பாப்பா" என்று செய்தி வருகிறது. ஆள் ஒருவர். பெயர் இரண்டு.

நம் வீடுகளிலும் அப்படித்தான். ரேஷன் கார்டில் "பாலசுப்பிரமணியன்" என்று இருக்கும். தெருவில் அவர் "பாலு". பாலு என்று கூப்பிட்டால், பாலசுப்பிரமணியன் தான் திரும்பிப் பார்ப்பார்.

கம்ப்யூட்டரிலும் இந்த வழக்கம் உண்டு. நீளமான கட்டளைக்குச் சின்னதாக ஒரு பெயர் வைக்கலாம். அந்தப் பெயரைச் சொன்னால், முழுக் கட்டளையும் நடக்கும். இதற்கு இங்கிலீசில் "அலியாஸ்" என்று பெயர். "என்கிற" என்பதற்கு இங்கிலீசில் எழுதுகிறார்களே, அதே சொல் தான்.

இது ஒரு சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் தமிழில் படித்து வந்த பிள்ளைகளின் பயத்தைப் போக்கும் மருந்து இதில் இருக்கிறது. ஆகவே, கம்ப்யூட்டர் வகுப்பில் முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்லுகிறேன்.

கறுப்புத் திரை

நாம் வீட்டிலும் கடையிலும் பார்க்கும் கம்ப்யூட்டரில் படங்கள் இருக்கும். மவுசை நகர்த்தி ஒரு படத்தைத் தட்டினால் வேலை நடக்கும். செல்போனில் விரலால் தட்டுகிறோம்.

இன்னொரு முறையும் உண்டு. அதில் படம் இல்லை, பொத்தான் இல்லை. வெறும் கறுப்புத் திரை. அதில் ஒரு கோடு மினுக் மினுக் என்று மின்னும். அங்கே கட்டளையை எழுத்து எழுத்தாகத் தட்ட வேண்டும். தட்டி முடித்தால், கம்ப்யூட்டர் அதைச் செய்யும்.

கட்டளையை வாங்கிக் கொள்ளும் அந்தப் பகுதிக்கு "ஷெல்" என்று பெயர். ஷெல் என்றால் ஓடு. உள்ளே இருக்கும் பகுதிக்குக் "கெர்னல்" என்று பெயர். கெர்னல் என்றால் பருப்பு. வேர்க்கடலையை நினைத்துக் கொள்ளுங்கள். வெளியே ஓடு, உள்ளே பருப்பு. நாம் சொல்வதை ஓடு வாங்கி, பருப்புக்குச் சொல்லுகிறது.

"இது பழைய முறை ஆயிற்றே! இப்போது யாருக்கு வேண்டும்?" என்று கேட்கலாம். வேண்டும். உலகத்தின் மிகப் பெரிய 500 கம்ப்யூட்டர்களைப் பட்டியல் போட்டு ஆண்டுக்கு இரண்டு தடவை வெளியிடுகிறார்கள். 2017-ம் ஆண்டு முதல் அந்த 500-ம் "லினக்ஸ்" என்ற ஏற்பாட்டில் தான் ஓடுகின்றன. அவற்றை நடத்துகிறவர்கள் கறுப்புத் திரையில் தான் கட்டளை இடுகிறார்கள். அந்த வேலை தெரிந்தவர்களுக்கு நல்ல சம்பளமும் கிடைக்கிறது.

பென்னலூரைப் பாருங்கள்

சென்னையில் இருந்து பெங்களூரு போகும் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் பென்னலூர் இருக்கிறது. அங்கே ஒரு பெரிய என்ஜினீயரிங் கல்லூரி உண்டு. சுற்றிலும் தொழிற்சாலைகள்.

இருங்காட்டுக்கோட்டையில் 1998-ம் ஆண்டு முதல் கார் செய்கிறார்கள். ஒரகடத்தில் 2010-ம் ஆண்டு இன்னொரு கார் தொழிற்சாலை வந்தது. சுங்குவார்சத்திரம் பக்கம் ஐபோன்களைப் பூட்டுகிறார்கள். அந்த வேலையில் பெரும்பாலோர் பெண்கள். வெளிமாவட்டங்களில் இருந்து வந்து, விடுதியில் தங்கி வேலை செய்கிறார்கள். வல்லம் வடகாலில் 2024-ம் ஆண்டு திறந்த ஒரு விடுதியில் மட்டும் 18 ஆயிரத்து 720 பேர் தங்கலாம்!

இந்தப் பெண்கள் கையால் பூட்டும் போனுக்குள் என்ன இருக்கிறது தெரியுமா? அமெரிக்காவில் 1969-ம் ஆண்டு பிறந்த "யூனிக்ஸ்" என்ற ஏற்பாட்டின் வம்சம் இருக்கிறது. நாம் வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்குள் லினக்சின் பருப்பு இருக்கிறது. கறுப்புத் திரையும் ஷெல்லும் இந்தக் குடும்பத்தின் சொத்து தான்.

போனைப் பூட்டுகிறோம். அதற்குள் இருப்பதை ஏவத் தெரியுமா? பெரும்பாலோருக்குத் தெரியாது.

ஸ்ரீபெரும்புதூரில் 2006-ம் ஆண்டு நோக்கியா போன் தொழிற்சாலை தொடங்கியது. ஊரே திருவிழா போல இருந்தது. 2014-ம் ஆண்டு அது மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் வேலையை இழந்தார்கள். தொழிற்சாலை வரும், போகும். கற்ற தொழில் கூடவே வரும். ஆகவே, இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பூட்டும் வேலையோடு நின்று விடாமல், ஏவும் வேலையையும் கற்றுக் கொள்ள வேண்டும்.

ஆனால் கறுப்புத் திரை முன்னால் உட்கார்ந்ததும் பலருக்கு வியர்த்து விடுகிறது. "எல்லாம் இங்கிலீசு. அதுவும் புரியாத இங்கிலீசு" என்று எழுந்து விடுகிறார்கள்.

அது இங்கிலீசே அல்ல என்று தான் நான் சொல்லுகிறேன்.

சுருக்கெழுத்து பிறந்த கதை

அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில் மர்ரே ஹில் என்ற ஊர். அங்கே பெல் ஆராய்ச்சிக்கூடம். அதில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி என்ற இரண்டு நிபுணர்கள் இருந்தார்கள். 1969-ல் யூனிக்சை உருவாக்கத் தொடங்கியவர்கள் இவர்கள் தான்.

அந்தக் காலத்தில் இன்று போலத் திரை கிடையாது. டைப்ரைட்டர் மாதிரி ஒரு டெலிடைப் எந்திரம் இருக்கும். அதன் எழுத்துக் கட்டைகளை ஓங்கித் தட்ட வேண்டும். பதில் காகிதத்தில் அச்சாகி வரும். அப்போது அதிகமாக வழங்கிய ஒரு ரகம், வினாடிக்கு 10 எழுத்துத் தான் அடிக்கும். நீளமாக எழுதினால் கையும் வலிக்கும், நேரமும் ஆகும்.

ஆகவே சொற்களைச் சுருக்கினார்கள். "லிஸ்ட்" என்றால் பட்டியல். அதை "எல்.எஸ்." என்று இரண்டு எழுத்து ஆக்கினார்கள். "காப்பி" என்பது "சி.பி." ஆயிற்று. "மூவ்" என்பது "எம்.வி." ஆயிற்று. "ரிமூவ்", அதாவது அழிப்பது, "ஆர்.எம்." ஆயிற்று.

"கிரியேட்" என்ற சொல்லில் கடைசி எழுத்தைக் கூட வெட்டி விட்டார்கள்! "யூனிக்சை மறுபடி செய்தால் எதை மாற்றுவீர்கள்?" என்று தாம்சனிடம் பிற்காலத்தில் கேட்டார்கள். வெட்டிய அந்த எழுத்தைச் சேர்த்து விடுவேன் என்று அவர் வேடிக்கையாகச் சொன்னாராம்.

இதில் இருந்து என்ன தெரிகிறது? இந்தக் கட்டளைகள் வேத வாக்கு அல்ல. இரண்டு மூன்று பேர், தங்கள் கை வலிக்காமல் இருக்க, தங்களுக்குத் தெரிந்த மொழியில் வைத்துக் கொண்ட சுருக்கெழுத்து. அவர்கள் தங்கள் வசதிக்குப் பெயர் வைத்தார்கள். நம் பிள்ளைகள் தங்கள் வசதிக்குப் பெயர் வைத்தால் என்ன?

உரிமை வந்தது

இந்த உரிமை முதலில் எல்லா ஷெல்லிலும் இல்லை. 1979-ம் ஆண்டு யூனிக்சோடு வந்த "போர்ன் ஷெல்"லில் அலியாஸ் கிடையாது.

ஏறக்குறைய அதே சமயம், கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் என்ற மாணவர் "சி ஷெல்" என்று ஒன்றை எழுதினார். அதில் அலியாஸ் இருந்தது. "நீயே பெயர் வைத்துக் கொள்" என்று பயன்படுத்துகிறவர் கையில் உரிமையைக் கொடுத்தார். அது எல்லோருக்கும் பிடித்தது. பிறகு வந்த ஷெல்களும் அதைச் சேர்த்துக் கொண்டன. 1989-ம் ஆண்டு பிரையன் பாக்ஸ் என்பவர் எழுதிய "பாஷ்" ஷெல்லிலும் அது இருக்கிறது. இன்று பெரும்பாலான லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் இருப்பது இந்தப் பாஷ் தான். அதற்கு விலை கிடையாது. இனாம்!

நமக்குப் புதிது அல்ல

சுருக்கப் பெயர் நமக்கு ஒன்றும் புதிது அல்ல.

பழைய கணக்கு ஏடுகளைப் பாருங்கள். நாளுக்கு ௳ என்று போடுவார்கள். மாதத்துக்கு ௴. வருடத்துக்கு ௵. பற்றுக்கு ௶. வரவுக்கு ௷. "மேற்படி" என்று எழுதச் சோம்பல் பட்டு ௸ என்று போட்டார்கள். ஊர்க் கணக்கரின் கையில் இருந்த இந்தக் குறிகள், 2003-ம் ஆண்டு கம்ப்யூட்டரின் உலக எழுத்து அட்டவணையிலேயே இடம் பிடித்து விட்டன.

தந்தி இருந்த காலத்தில், வாழ்த்துத் தந்திக்கு எண்கள் இருந்தன. கல்யாணத்துக்கு ஓர் எண், தீபாவளிக்கு ஓர் எண். தபால் ஆபீசில் எண்ணை எழுதினால் போதும். போய்ச் சேரும் இடத்தில் முழு வாழ்த்தும் வந்து விடும். 2013-ம் ஆண்டு ஜூலை மாதம் தந்தி சேவையே நின்றது. எண்ணைச் சொல்லி வாழ்த்தை அனுப்பியவர்கள் இன்றும் நம் வீடுகளில் இருக்கிறார்கள்.

சமையல் அறைக்கு வாருங்கள். "சாம்பார்ப் பொடி இரண்டு கரண்டி போடு" என்கிறோம். அந்த ஒரு சொல்லுக்குள் மிளகாய் இருக்கிறது, மல்லி இருக்கிறது, பருப்பு, வெந்தயம், மஞ்சள் எல்லாம் இருக்கிறது. தினமும் வறுத்து இடிக்கவா முடியும்? ஒரு நாள் இடித்து வைத்துக் கொண்டு, பெயரைச் சொல்லிப் பயன்படுத்துகிறோம். அலியாஸ் என்பது கட்டளைகளின் சாம்பார்ப் பொடி.

பெயர் வைப்பது எப்படி?

முறை மிகச் சுலபம்.

முதலில் "அலியாஸ்" என்ற சொல்லை இங்கிலீசில், சின்ன எழுத்துக்களில் தட்ட வேண்டும். ஓர் இடம் விட வேண்டும். பிறகு நீங்கள் வைக்கும் பெயர். அதை ஒட்டிச் சமக் குறி. அதை ஒட்டி, மேற்கோள் குறிக்குள் முழுக் கட்டளை. சமக் குறிக்கு இரு பக்கமும் இடம் விடக் கூடாது. அவ்வளவு தான்.

பெயர் தமிழ் எழுத்திலேயே இருக்கலாம். பாஷ் ஷெல் ஏற்றுக் கொள்ளும். எழுத்துப் பலகையைத் தமிழுக்கும் இங்கிலீசுக்கும் மாற்றி மாற்றித் தட்டுவது சிலருக்குச் சிரமமாக இருக்கலாம். சில பழைய திரைகளில் தமிழ் எழுத்து ஒழுங்காகத் தெரியாது. அப்படிப்பட்டவர்கள் தமிழ்ச் சொல்லையே இங்கிலீஷ் எழுத்தில் வைத்துக் கொள்ளட்டும். சொல் நம்முடையதாக இருந்தால் போதும்.

தொடங்குகிறவர்களுக்கு ஐந்து பெயர்கள் சொல்லுகிறேன்:

"பட்டியல்": எல்.எஸ்., இடம், சிறு கோடு, எல். இருக்கும் பைல்களை அளவோடும் தேதியோடும் காட்டும்.

"மிச்சம்": டி.எப்., இடம், சிறு கோடு, எச். கம்ப்யூட்டரில் எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்று சொல்லும்.

"மேலே": சி.டி., இடம், இரண்டு புள்ளிகள். இப்போது இருக்கும் பெட்டியை விட்டு, அதற்கு மேல் உள்ள பெட்டிக்குப் போகும்.

"மூட்டை": டி.ஏ.ஆர்., இடம், சிறு கோடு, சி.இசட்.எப். இதைத் தட்டி, மூட்டைக்கு ஒரு பெயரும், உள்ளே போட வேண்டிய பைல்களின் பெயரும் கொடுத்தால், எல்லாவற்றையும் சுருக்கி ஒன்றாகக் கட்டித் தரும். காந்த நாடாவில் பைல்களைச் சேமித்த காலத்தில் பிறந்த கட்டளை இது. இந்த மூன்று எழுத்துக்களை மறந்து விட்டுத் தவிப்பவர்களில் அனுபவசாலிகளும் உண்டு.

"அழி": ஆர்.எம்., இடம், சிறு கோடு, ஐ. ஒவ்வொரு பைலையும் அழிக்கும் முன் "அழிக்கட்டுமா?" என்று கேட்கும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். திரையில் தட்டிய பெயர், அந்தத் திரையை மூடினால் போய் விடும். கரும்பலகையில் எழுதியது போல! நிலைத்து இருக்க வேண்டுமானால், உங்கள் பெட்டியில் "பாஷ்-ஆர்சி" என்று ஒரு பைல் இருக்கிறது. அதன் பெயர் ஒரு புள்ளியில் தொடங்கும். அதனால் சாதாரணமாகக் கண்ணில் படாது. அதில் இந்த வரிகளை எழுதி வைத்தால், ஒவ்வொரு தடவை திரையைத் திறக்கும் போதும் பெயர்கள் தயாராக இருக்கும்.

எச்சரிக்கை!

இனி முக்கியமான விஷயம். "ஆர்.எம்." என்பது பொல்லாத கட்டளை. அது அழித்தால் குப்பைத் தொட்டிக்குக் கூடப் போகாது. திரும்ப எடுப்பது மிகவும் கடினம். கேள்வியும் கேட்காது.

இதற்குப் பயந்து சிலர் என்ன செய்கிறார்கள்? "ஆர்.எம்." என்ற அதே பெயரையே, கேள்வி கேட்கும் கட்டளைக்கு அலியாசாக வைத்து விடுகிறார்கள். "ரெட் ஹேட்" என்ற லினக்சில் தலைமை நிர்வாகியின் கணக்குக்கு இப்படித்தான் முன்கூட்டியே வைத்து இருக்கிறார்கள். நல்ல எண்ணம் தான். ஆனால் இதில் ஓர் ஆபத்து இருக்கிறது.

கம்பெனி வாசலில் ஒரு டீக்கடை. தினமும் போகிறீர்கள். "வழக்கமானது" என்று சொன்னால், சர்க்கரை போடாத டீ வரும். வேறு ஊரில், வேறு கடையில் போய் "வழக்கமானது" என்றால், கடைக்காரர் விழிப்பார். "என்ன வழக்கம்?" என்று கேட்பார். கெடுதல் இல்லை.

ஆனால் "டீ" என்றாலே சர்க்கரை இல்லாமல் தர வேண்டும் என்று உங்கள் கடையில் சொல்லி வைத்து இருந்தால்? வேறு ஊரில் "டீ" என்பீர்கள். சர்க்கரை போட்டுக் கொடுத்து விடுவார்கள். சர்க்கரை வியாதிக்காரர் பாடு திண்டாட்டம்!

கம்ப்யூட்டரிலும் அதே கதை தான். "ஆர்.எம். கேள்வி கேட்கும்" என்று கை பழகி விடும். பழகிய கை வேறு கம்ப்யூட்டரில் அதையே தட்டும். அங்கே அலியாஸ் இருக்காது. கேள்வி வராது. பைல் போய் விடும்.

ஆகவே, பழைய பெயருக்குப் புதுப் பொருள் கொடுக்காதீர்கள். புதுப் பெயர் வையுங்கள். "அழி" என்று வைத்தால், வேறு கம்ப்யூட்டரில் தட்டும் போது "அப்படி ஒரு கட்டளை இல்லை" என்று தான் பதில் வரும். எதுவும் அழியாது. தமிழ்ப் பெயர் வைப்பதில் இப்படி ஒரு பாதுகாப்பும் இருக்கிறது!

இன்னொன்று. மற்றவர் எழுதிய அலியாசைப் படிக்காமல் அப்படியே சேர்க்கக் கூடாது. பெயர் "பட்டியல்" என்று இருக்கும். உள்ளே அழிக்கும் கட்டளை இருக்கலாம். சந்தேகம் வந்தால் "டைப்" என்ற சொல்லை இங்கிலீசில் தட்டி, ஓர் இடம் விட்டு, அந்தப் பெயரைத் தட்டுங்கள். அதன் உண்மையான உருவத்தை ஷெல் காட்டிக் கொடுத்து விடும்.

சோம்பேறி ஆக்குமா?

"மூலக் கட்டளையைக் கற்காமல் சுருக்கத்தைக் கற்றால் பிள்ளைகள் சோம்பேறி ஆவார்கள். பரீட்சையில் உங்கள் தமிழ்ப் பெயர் செல்லுமா? வேலைக்குப் போகும் இடத்தில் செல்லுமா?" என்று சில ஆசிரியர்கள் கேட்கலாம்.

கேள்வி நியாயமானது. பரீட்சையில் செல்லாது. மற்றவர் கம்ப்யூட்டரிலும் செல்லாது.

ஆனால் அலியாஸ் எழுதுகிறவர் யார்? மாணவர் தானே! மேற்கோள் குறிக்குள் மூலக் கட்டளையை அவர் தான் எழுத வேண்டும். எதற்கு எந்தப் பெயர் பொருந்தும் என்று அவர் தான் யோசிக்க வேண்டும். பொருள் தெரியாமல் பெயர் வைக்க முடியாது. "அலியாஸ்" என்று மட்டும் தட்டினால், வைத்த பெயர் எல்லாம் வரிசையாக வரும். ஒரு பக்கம் தமிழ். ஒரு பக்கம் மூலம். இது மாணவர் தன் கையால் எழுதிய அகராதி அல்லவா?

ஒரு விதி வைத்துக் கொள்ளலாம். எந்தக் கட்டளையையும் பத்துத் தடவை முழுதாகத் தட்டிய பிறகு தான் அதற்குப் பெயர் வைக்க வேண்டும். அப்போது மூலமும் மனதில் நிற்கும், கையும் பிழைக்கும்.

இங்கிலீஷ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கற்க வேண்டும். நன்றாகக் கற்க வேண்டும். ஆனால் இங்கிலீஷ் கற்று முடிக்கும் வரை கம்ப்யூட்டரைத் தொடாதே என்பது, நீச்சல் கற்கும் வரை தண்ணீரில் இறங்காதே என்பது போல!

என்ன செய்யலாம்?

தமிழ்நாட்டில் 2011-ம் ஆண்டு மாணவ-மாணவிகளுக்கு அரசு இனாமாக லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. அவற்றில் "பாஸ்" என்ற லினக்சும் இருந்தது. அதை உருவாக்கியதில் பெரும் பங்கு சென்னையில் உள்ள மத்திய அரசின் சி-டாக் நிலையத்துக்கு உண்டு. அந்த லேப்டாப் இன்னும் பரண் மேல் இருக்கும் வீடுகள் உண்டு. ஓடுமானால் எடுத்துத் துடையுங்கள். அதிலும் கறுப்புத் திரை இருக்கிறது. பிள்ளைகள் பழகட்டும்.

ஐ.டி.ஐ.யிலும், பாலிடெக்னிக்கிலும், கல்லூரியிலும் ஆசிரியர்கள் முதல் நாள் வகுப்பில் ஆளுக்கு ஐந்து பெயர் வைக்கச் சொல்லட்டும். அழகான பெயர் வைத்தவருக்கு ஒரு பேனா பரிசு கொடுக்கட்டும். பயம் ஓடி விடும்.

தொழிற்சாலை விடுதிகளிலும் மாலையில் இப்படி ஒரு வகுப்பு நடத்தலாம். ஒரு பழைய கம்ப்யூட்டர் போதும். பெரிய செலவு இல்லை.

ஸ்ரீபெரும்புதூர், ராமானுஜர் பிறந்த ஊர். குருவிடம் ரகசியமாகப் பெற்ற மந்திரத்தை, அவர் திருக்கோஷ்டியூரில் கோபுரத்தின் மேல் ஏறி ஊருக்கே சொன்னார் என்று பெரியவர்கள் கதை சொல்வார்கள். அந்த ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு, கறுப்புத் திரையின் மந்திரமும் ரகசியமாக இருக்கக் கூடாது.

உங்கள் பிள்ளை கம்ப்யூட்டர் படிக்கிறதா? இன்று மாலை கேளுங்கள். "நீ எத்தனை கட்டளைக்குப் பெயர் வைத்து இருக்கிறாய்?" என்று கேளுங்கள். "ஒன்றும் இல்லை" என்றால், பக்கத்தில் உட்காருங்கள். உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளைக்குப் பெயர் வைத்தவர் நீங்கள். கட்டளைக்கும் ஒரு நல்ல பெயர் சொல்ல உங்களுக்குத் தெரியும்!